மாத்திரை ஆரம்பித்த பிறகும் ரத்த எண்ணிக்கை இறங்குகிறதே, ஏன்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். அண்ணனுக்கு வைவாக்ஸ் என்ற ஒட்டுண்ணி வகையால் வரும் மலேரியா. குளோரோகுயின் மாத்திரை ஆரம்பித்து இன்று மூன்றாம் நாள். குளிரும் நடுக்கமும் நின்றுவிட்டன, நேற்று இரவு காய்ச்சல் இல்லை, காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டிருக்கிறார். ஆனால் ரிப்போர்ட் மட்டும் தலைகீழாகப் போகிறது. பிளேட்லெட் 1,10,000-லிருந்து 38,000, ஹீமோகுளோபின் 13.2-லிருந்து 10.9, வெள்ளையணு 3,200. டாக்டர் பதறவில்லை. அவர் பதறாததுதான் உங்களைப் பதற வைக்கிறது. போதாக்குறைக்குப் பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினர், "இது டெங்குதான், பிளேட்லெட் ஏத்தச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மலேரியாவில் பிளேட்லெட் குறையும் என்பது இணையத்தில் தேடிய உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஆள் தேறிக்கொண்டு வரும்போது காகிதத்தில் எண்கள் ஏன் மோசமாகின்றன, இரண்டில் எதை நம்புவது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளை நம்புங்கள். எண்களில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கவலைப்பட்டே ஆக வேண்டும் என்றால், பிளேட்லெட்டை விட்டுவிட்டு ஹீமோகுளோபினைப் பிடியுங்கள். அதுவும் இந்த வாரத்தோடு விட்டுவிடாதீர்கள்.

நான் சென்னையில் முப்பது வருடத்துக்கு மேல் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நோய்க்குறியியல் மருத்துவராக இருந்தவன். காய்ச்சல் வார்டு டாக்டர் அல்ல. ஸ்லைடும் எண்களும் எனக்குப் பழக்கம். உங்கள் அண்ணனின் நாடியை நான் பிடித்துப் பார்க்கவில்லை. ஆகவே கீழே சொல்வது ரிப்போர்ட்டைப் படிப்பது பற்றித்தான். என்ன மருந்து, எப்போது வீட்டுக்கு என்பதையெல்லாம் அவரைத் தொட்டுப் பார்க்கிற டாக்டரே முடிவு செய்ய வேண்டும்.

பிளேட்லெட்டிலிருந்து தொடங்குவோம். மலேரியா நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, பல ஆய்வுகளில் 60 முதல் 80 சதவீதம் பேருக்கு, பிளேட்லெட் 1,50,000-க்குக் கீழே போகிறது. காய்ச்சலோடு வருகிறவருக்கு மலேரியாவைச் சந்தேகிக்க சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் சோதனை) ரிப்போர்ட்டில் இதைவிட நல்ல துப்பு கிடையாது. 50,000-க்குக் கீழே போவதும் அரிதல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மலேரியாவில் ஃபால்சிபாரம் என்ற வகைதான் ஆபத்து, வைவாக்ஸ் என்றால் 'சாது' என்று ஒரு நம்பிக்கை இருந்தது. வைவாக்ஸ் நோயாளிக்கு 20,000 என்று ரிப்போர்ட் போட்டால், "ஃபால்சிபாரமும் சேர்ந்து இருக்கும், மறுபடி பாருங்கள்" என்று மூத்தவர்கள் ஸ்லைடைத் திருப்பி அனுப்புவார்கள். மறுபடி பார்த்தால் வைவாக்ஸ் மட்டும்தான் இருக்கும். பிறகு இந்தியாவின் பல ஊர்களிலிருந்து இதே செய்தி ஆய்விதழ்களில் வரத் தொடங்கியது. வைவாக்ஸும் பிளேட்லெட்டை நன்றாகவே இறக்கும் என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை.

ஏன் இறங்குகிறது? உற்பத்தி நின்றுபோவதால் அல்ல என்பது உறுதி. எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தால் பிளேட்லெட்டைத் தயாரிக்கும் பெரிய செல்கள் வழக்கம்போல இருக்கும், சில சமயம் கூடுதலாகவே இருக்கும். ஸ்மியரில் (ஸ்லைடில் தடவிய ரத்தத்தில்) பருத்த, இளம் பிளேட்லெட்டுகளைப் பார்க்கலாம். தொழிற்சாலை ஓடுகிறது, சரக்குதான் வழியிலேயே காலியாகிறது. வீங்கிய மண்ணீரல் ஒரு பங்கைத் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறது. எதிர்ப்புப் புரதங்கள் ஒட்டிய பிளேட்லெட்டுகளை விழுங்கு செல்கள் தின்கின்றன. ரத்தக்குழாயின் உட்சுவர் கிளர்ச்சியடைந்திருப்பதால் கொஞ்சம் அங்கே ஒட்டிச் செலவாகிறது. இந்த மூன்றும் நடப்பது உறுதி. எது எத்தனை பங்கு என்பது இன்னும் தீராத விவாதம். பிளேட்லெட்டுகள் ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுவில் ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் கொல்கின்றன என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். மனித உடலில் அது எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

நடைமுறைக்கு முக்கியமான விஷயம் வேறு. மலேரியாவில் பிளேட்லெட் எவ்வளவு இறங்கினாலும் அந்த எண்ணால் மட்டும் ரத்தக்கசிவு வருவது அபூர்வம். தீவிர மலேரியா எது என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் அடையாளங்களில் கணிசமான ரத்தக்கசிவு இருக்கிறது, கடும் ரத்தசோகை இருக்கிறது, நினைவு தடுமாறுவது இருக்கிறது; பிளேட்லெட் எண்ணிக்கை இல்லை. ரத்தக்கசிவு எதுவும் இல்லாத நோயாளிக்கு 38,000-க்காகப் பிளேட்லெட் ஏற்றுவதில் பலன் இருப்பதாக நிரூபணம் கிடையாது. ஏற்றியதும் அதே மண்ணீரலுக்குத்தான் போகும். மருந்து வேலை செய்ய ஆரம்பித்த மூன்று, நான்கு நாளில் தானாக ஏறத் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும். சிலருக்கு நான்கு லட்சத்தைத் தாண்டிப் போய்விட்டுப் பிறகு இறங்கி நிற்கும். அதையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாளில் மேலும் கொஞ்சம் இறங்குவது மருந்து தோற்றதற்கு அடையாளம் அல்ல. மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சொல்ல வேண்டியவை காய்ச்சலும் ஸ்லைடும். மூன்றாம் நாள் ஸ்லைடில் ஒட்டுண்ணி மறைந்துவிட்டதா அல்லது வெகுவாகக் குறைந்துவிட்டதா என்று கேளுங்கள். ரேபிட் கார்டு டெஸ்டை வைத்து இதைப் பார்க்கக் கூடாது. கார்டில் சில கோடுகள், குறிப்பாக ஃபால்சிபாரத்துக்கான கோடு, ஒட்டுண்ணி செத்த பிறகும் வாரக்கணக்கில் விழும்.

அந்த 38,000 உண்மையிலேயே 38,000தானா என்று ஒரு முறை கேட்பதிலும் தவறில்லை. ஒருநாள் மாலை ஒரு குழந்தையின் ரத்தம் வந்தது. இயந்திரம் 19,000 என்று அடித்தது. உதவியாளர் அதை அப்படியே போனில் சொல்லிவிட்டார். நான் ஸ்லைடை எடுத்து ஓரத்தில் பார்த்தால் பிளேட்லெட்டுகள் திராட்சைக் கொத்து மாதிரி கும்பல் கும்பலாக நிற்கின்றன. நரம்பு சரியாகக் கிடைக்காமல் மெதுவாக இழுத்த ரத்தம். ஊதா மூடி டியூபின் அடியில் கடுகளவு கட்டி. கும்பலை இயந்திரம் பிளேட்லெட்டாக எண்ணுவதில்லை. மறுபடி ரத்தம் எடுத்தோம், 96,000. அதற்குள் குழந்தையின் மாமா இரண்டு ரத்த வங்கி ஏறி இறங்கியிருந்தார். தவறு எங்களுடையது. அன்றிலிருந்து 50,000-க்குக் கீழே எது வந்தாலும் ஸ்லைடு பார்க்காமல் வாய் திறக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினேன். உங்கள் ரிப்போர்ட்டின் அடியில் "ஸ்மியரில் உறுதி செய்யப்பட்டது" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

இப்போது ஹீமோகுளோபின். இங்கேதான் மலேரியாவின் உண்மையான கணக்கு இருக்கிறது. வைவாக்ஸ் ஒட்டுண்ணிக்கு இளம் சிவப்பணுக்கள்தான் பிடிக்கும்; ரத்தத்தில் அவை ஒன்றிரண்டு சதவீதமே இருப்பதால், எவ்வளவு கடுமையான காய்ச்சலிலும் நூறு சிவப்பணுவில் இரண்டுக்கு மேல் அது பிடிப்பது அரிது. உங்கள் அண்ணனுக்கு அரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த அரை சதவீதமும் உடைந்து போனால் 13.2 கிராமில் எவ்வளவு குறைய வேண்டும்? 0.07 கிராம்கூட இல்லை. ஆனால் குறைந்திருப்பது 2 கிராமுக்கு மேல். மீதியை யார் தின்றது?

மண்ணீரல்தான். ஒட்டுண்ணி புகாத நல்ல சிவப்பணுக்களையும் சேர்த்து அது வடிகட்டித் தள்ளுகிறது. காய்ச்சல் வேகத்தில் நல்ல அணுக்களின் மேலுறையும் விறைத்துப்போகிறது, விறைத்தது எதுவும் மண்ணீரலின் இடுக்குகளில் நுழைந்து வெளியே வர முடியாது. ஃபால்சிபாரத்தில் ஒட்டுண்ணி புகுந்த ஓர் அணு போனால் கூடவே நல்ல அணுக்கள் எட்டு போகின்றன என்றும், வைவாக்ஸில் முப்பதுக்கு மேல் போகின்றன என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது ஒரு விசித்திரமான கதை. பெனிசிலின் வருவதற்கு முன், மூளையைத் தாக்கிய சிபிலிஸ் நோயாளிகளுக்கு வேண்டுமென்றே மலேரியாவை ஏற்றி, அந்தக் காய்ச்சலால் கிருமியை அடக்கப் பார்த்தார்கள். இந்த வைத்தியத்துக்காக வியன்னாவின் மருத்துவர் வாக்னர்-யாவ்ரெக்குக்கு 1927-இல் நோபல் பரிசே கிடைத்தது. அமெரிக்காவில் அப்படி மலேரியா ஏற்றப்பட்டவர்களின் தினசரி ரத்தக் குறிப்புகள் பத்திரமாக இருந்தன. பல பத்தாண்டு கழித்து அவற்றைத் தூசு தட்டித்தான் இந்த விகிதங்களை எடுத்தார்கள். இன்று யாரும் செய்யத் துணியாத, செய்யவும் கூடாத ஆராய்ச்சி. உங்கள் அண்ணனின் அரை சதவீதத்தை முப்பத்தொன்றால் பெருக்கிப் பாருங்கள்: 15 சதவீதம் சொச்சம், அதாவது 2 கிராம். இது தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். சலைன் ஏற்றியிருந்தால் ரத்தம் நீர்த்தும் கொஞ்சம் குறைத்துக் காட்டும். ஆனாலும் 10.9 எங்கிருந்து வந்தது என்பதற்கு மர்மம் எதுவும் தேவையில்லை.

இந்தச் சரிவு ஒட்டுண்ணி செத்தவுடன் நிற்பதில்லை. உங்கள் குழப்பத்துக்கு இதுதான் மூல காரணம். மண்ணீரல் ஒருமுறை விழித்துக்கொண்டால் அடங்க ஒரு வாரம் இரண்டு வாரம் எடுக்கும். அதே சமயத்தில் மஜ்ஜையும் மந்தமாக இருக்கும். அழற்சி இருக்கும்வரை கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற பொருள், இரும்புச்சத்து உடலில் இருந்தும் மஜ்ஜைக்குப் போகவிடாமல் பூட்டி வைக்கிறது. புதிய சிவப்பணு வருகிறதா என்று காட்டும் ரெடிகுலோசைட் எண்ணிக்கை, ரத்தசோகை இருக்கும் அளவுக்கு ஏறாமல் தூங்கிக் கிடக்கும். ஒட்டுண்ணி போய்ச் சில நாள் கழித்துத்தான் துள்ளும். ஆகவே ஐந்தாம் நாள், ஏழாம் நாள் ஹீமோகுளோபின் 10-ஐ ஒட்டி இறங்கினாலும் ஆச்சரியப்பட மாட்டேன். பெரியவர்களுக்கு 7-க்குக் கீழே போனால் அது தீவிர மலேரியாக் கணக்கில் சேரும். குழந்தைகளுக்கு அந்த எல்லை 5.

வைவாக்ஸில் ரத்தத்தில் கொஞ்சமே ஒட்டுண்ணி தெரியும்போது காய்ச்சல் இத்தனை வேகமாக ஏன் அடிக்கிறது என்று நாங்கள் வெகுகாலம் யோசித்ததுண்டு. இந்தோனேசியாவின் பப்புவாவில் விபத்து போன்ற காரணங்களுக்காக அகற்றப்பட்ட மண்ணீரல்களை ஆராய்ந்தவர்கள் 2021-இல் ஒரு பதில் சொன்னார்கள். ஒட்டுண்ணிகளின் பெரும்பகுதி மண்ணீரலுக்குள்ளேயே குடியிருந்தது. ரத்தத்தில் நாம் ஸ்லைடில் பார்ப்பது வாசலில் நிற்கும் சில பேரைத்தான். அவர்கள் பார்த்தது பெரும்பாலும் நோய் அறிகுறி இல்லாமல் நாள்பட ஒட்டுண்ணியைச் சுமந்தவர்களை. நம் ஊரில் முதல்முறை காய்ச்சலோடு வருகிறவருக்கும் அது அப்படியே பொருந்துமா என்பது தனிக் கேள்வி.

வெள்ளையணு 3,200 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலேரியாவில் வழக்கமாக அது சாதாரணமாகவோ கொஞ்சம் குறைந்தோ இருக்கும். அணுக்கள் அழிந்துபோவதைவிட மண்ணீரலிலும் குழாய்ச் சுவர்களிலும் ஒதுங்கி நிற்பதே இதற்குப் பெரிய காரணம். வெள்ளையணு வகைகளில் லிம்ஃபோசைட் குறையும், மோனோசைட் கூடும். மொத்த வெள்ளையணு கூடியிருந்தால்தான் யோசிக்க வேண்டும்: 12,000, 15,000 என்று ஏறினால் கூடவே பாக்டீரியா தொற்று இருக்கிறதா, நோய் தீவிரமாகிறதா என்று டாக்டர் தேடுவார். இந்த இடத்தில் ஒரு கூடத்து ரகசியம். ஸ்லைடில் ஒட்டுண்ணியை எண்ணும்போது, 200 வெள்ளையணுவுக்கு எத்தனை ஒட்டுண்ணி என்று எண்ணி, வெள்ளையணு 8,000 இருப்பதாக வைத்துக்கொண்டு பெருக்குகிறோம். உங்கள் அண்ணனுக்கு இருப்பதோ 3,200. எனவே ரிப்போர்ட்டில் உள்ள ஒட்டுண்ணி எண்ணிக்கை உண்மையைவிட இரண்டரை மடங்கு கூடுதலாக இருக்கலாம். அந்த எண்ணைப் பார்த்து நீங்கள் மிரண்டிருந்தால் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் ஈயோசினோஃபில் (வெள்ளையணுவில் இன்னொரு வகை) 11 சதவீதம் என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதை நான் நம்பவில்லை. மலேரியாக் காய்ச்சல் அடிக்கும்போது ஈயோசினோஃபில் குறையும், தேறும்போதுதான் கூடும். ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்று கக்கும் பழுப்புத் துகளை நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் விழுங்கியிருந்தால், சில வகை இயந்திரங்கள் ஒளிச்சிதறலில் ஏமாந்து அவற்றை ஈயோசினோஃபில் என்று எண்ணிவிடும். 1880-இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு மருத்துவர் லவரான் மலேரியா ஒட்டுண்ணியை முதன்முதலில் அடையாளம் கண்டதே இந்தப் பழுப்புத் துகளைத் துரத்திக்கொண்டு போய்த்தான். இந்தப் பொய் ஈயோசினோஃபிலை வைத்தே, யாரும் மலேரியா என்று சந்தேகிக்காத இரண்டு மூன்று பேரின் ஸ்லைடை எடுத்துப் பார்த்துப் பிடித்திருக்கிறேன். இயந்திரத்தின் தவறும் சில சமயம் பயன்படும்.

டெங்கு விஷயம். இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் வரலாம். சென்னை போன்ற ஊரில் இரண்டு கொசுவும் வீட்டைச் சுற்றியே இருக்கின்றன, மலேரியா பரப்பும் அனோஃபிலஸ் ஸ்டீபன்சி மொட்டைமாடித் தொட்டியில், டெங்கு பரப்பும் ஏடிஸ் அதற்குப் பக்கத்திலேயே கிடக்கும் டப்பாவில். ஆனால் பிளேட்லெட் குறைவை மட்டும் வைத்து டெங்கு என்று சொல்ல முடியாது. ரிப்போர்ட்டில் பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். ஆபத்தான டெங்குவில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிவதால் ரத்தம் கெட்டியாகிப் பிசிவி ஏறும். மலேரியாவில் சிவப்பணு உடைவதால் அது இறங்கும். உங்கள் அண்ணனுக்கு ஹீமோகுளோபினோடு சேர்ந்து இறங்கியிருக்கிறது என்றால் அது மலேரியாவின் போக்கு. கூடவே மறைமுக பிலிருபின் (மஞ்சள் நிறமி), எல்டிஎச் (அணுவுக்குள் இருக்கும் நொதி) இரண்டும் ரத்தத்தில் கூடியிருந்தால் அணு உடைவது உறுதி. இத்தனைக்கும் பிறகு டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் டெங்கு டெஸ்ட் எடுக்கட்டும், அதில் நஷ்டமில்லை. ஸ்லைடில் ஒட்டுண்ணி போன பிறகும் காய்ச்சல் திரும்பினால் அப்போது டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் எல்லாவற்றையும் தேட வேண்டியதுதான்.

பப்பாளி இலைச் சாறு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். டெங்குவில் அது பிளேட்லெட்டைச் சற்று விரைவாக ஏற்றுவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. உயிரைக் காப்பாற்றியதாக நிரூபணம் இல்லை. மலேரியாவில் தானாகவே ஏறப்போகிற எண்ணுக்காக, வாந்தி அப்போதுதான் நின்ற மனிதருக்கு அந்தக் கசப்பை எதற்குக் கொடுக்க வேண்டும்? நல்ல வேளையாக நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை. அதைவிட, பிளேட்லெட் ஏறும்வரை ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வகை வலி மாத்திரை, இடுப்பில் போடும் ஊசி இவற்றைத் தவிர்க்கச் சொல்லுங்கள். மண்ணீரல் வீங்கியிருக்கும்போது வயிற்றைத் தேய்த்துவிடுவதும் வேண்டாம், ஊருக்குப் போனதும் கபடி, கிரிக்கெட் என்று இறங்குவதும் வேண்டாம். அடிபட்டால் அது கிழியும். ஈறில் ரத்தம், கருப்பு மலம், தூக்கக் கலக்கம், மூச்சுவாங்கல், கண் மஞ்சள் அதிகமாவது, சிறுநீர் குறைவது, இவற்றில் எது வந்தாலும் ரிப்போர்ட்டுக்காகக் காத்திராமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

இனி நான் உண்மையில் கவலைப்படுகிற இடம். வைவாக்ஸ் கல்லீரலில் தூங்கும் வடிவத்தில் ஒளிந்திருக்கும். அதை அழிக்கக் குளோரோகுயினால் முடியாது, அதற்குத்தான் 14 நாள் பிரைமாகுயின். அந்த மாத்திரை, ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்தவர்களுக்குச் சிவப்பணுவை உடைத்துவிடும். ஏற்கெனவே 10.9-இல் நிற்பவருக்கு அது சாதாரண விஷயமல்ல. ஜி6பிடி டெஸ்ட் எடுத்தாச்சா என்று கேளுங்கள். எடுத்திருந்து "நார்மல்" என்று வந்திருந்தாலும் ஒரு சின்ன எச்சரிக்கை: அணுக்கள் உடைந்துகொண்டிருக்கும் நேரத்தில் நொதி குறைந்த பழைய அணுக்கள் முதலில் போய்விடும், மிஞ்சியிருக்கும் இளம் அணுக்களில் நொதி அதிகம், அதனால் டெஸ்ட் நல்லபடியாகக் காட்டி ஏமாற்றலாம். ஆகவே மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம் தினமும் சிறுநீரின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டஞ்சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போனாலோ திடீரென்று வெளிறிப்போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் ஐந்தாம் நாள் காய்ச்சல் போய்விட்டது என்று மாத்திரையை நிறுத்தாமல் பதினான்கையும் முடிக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே ஆள் அதே நடுக்கத்தோடு எங்கள் கூடத்துக்குத் திரும்பி வந்த கதைகளில் பெரும்பாலானவை, அலமாரியில் மீந்துபோன பிரைமாகுயின் கதைகள்.

அவருக்கு இடையில் எப்போதாவது ஆர்டிசுனேட் என்ற மலேரியா ஊசி போட்டிருந்தால் அதையும் குறித்து வையுங்கள். அந்த ஊசிக்குப் பிறகு, சிலருக்கு ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் தாமதமாகச் சிவப்பணு உடைவதுண்டு. அதிக ஒட்டுண்ணியோடு வந்த ஃபால்சிபாரம் நோயாளிகளிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம். உங்கள் அண்ணன் விஷயத்தில் நான் கேட்பது இவ்வளவுதான்: டிஸ்சார்ஜ் ஆனதும் பிளேட்லெட்டுக்காக இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊசி குத்த வேண்டாம். ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று மூன்று முறை ஹீமோகுளோபின் பாருங்கள், ஒரே கூடத்தில். இருபத்தெட்டாம் நாளும் 11-ஐத் தாண்டவில்லை என்றால் மலேரியாவுக்கு முன்பே இரும்புச்சத்துக் குறைவோ தலசீமியா (பிறவியிலேயே ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத கோளாறு) சாயலோ இருந்ததா என்று தேட வேண்டும். பழைய ரிப்போர்ட் ஏதாவது வீட்டில் கிடக்கிறதா என்று இப்போதே தேடி எடுத்து வையுங்கள், எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) என்ற வரி இருக்கிற ரிப்போர்ட்டாகப் பார்த்து.